"ஃப்ரீ" பிசினஸ் கிளாஸ் சீட்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகுது? கணியம்பாடி அம்மாவின் மெல்போர்ன் டிக்கெட் கணக்கு

2025 ஜூலை. ரிட்டர்ன் சீசன், ஆபீஸில் தலை நிமிர நேரமில்லை. அப்போ கணியம்பாடியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நம்ம சேனல் வீடியோக்களைப் பார்ப்பவர். ஓ.எம்.ஆரில் ஐ.டி வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனா வேலூர் பஸ் பிடிச்சு ஊருக்கு வந்துடுவார்.

"அண்ணா, இன்கம் டாக்ஸ்ல இருந்து மெசேஜ் வந்திருக்கு. நான் ஒரு தப்பும் பண்ணலைண்ணா. அம்மாவுக்கு ஃப்ளைட்ல படுத்துக்கிட்டு போற சீட் வாங்கணும்னு பாயிண்ட்ஸ் சேர்த்தேன், அவ்ளோதான்."

விஷயம் இதுதான். அவருடைய அக்கா மெல்போர்னில் இருக்கிறார், டிசம்பரில் பிரசவம். அம்மா போய்க் கூட இருக்கணும். அம்மாவுக்கு வயது 61, ரெண்டு முழங்காலும் வலி, இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் நாலரை மணி நேரம், அங்கிருந்து மெல்போர்ன் ஏழரை மணி நேரம். நடுவில் காத்திருப்பதைக் கணக்கில் எடுக்காமலே 12 மணி நேரம். எகானமி சீட்டில் காலை மடக்கி உட்கார வைக்க மகனுக்கு மனசு வரலை. யூடியூபில் "பாயிண்ட்ஸ் வெச்சு பிசினஸ் கிளாஸ் ஃப்ரீ" வீடியோக்கள் நாலஞ்சு பார்த்திருக்கிறார். (நம்ம வீடியோ அதில் இல்லைன்னு சத்தியம் பண்ணினார்.) அதுக்கப்புறம் ஒரு வருஷமா சொந்தக்காரங்க யார் எது வாங்கினாலும் "என் கார்டுல தேய்ங்க, பணத்தை எங்கிட்ட குடுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

எண்ணம் நல்ல எண்ணம்தான். அதை நான் குறை சொல்லப் போறதில்லை. ஆனா இந்த ஒரு கேஸில் பாயிண்ட்ஸ் விளையாட்டின் எல்லா பக்கமும் இருக்கு. அதனால அவரிடம் அனுமதி வாங்கி, அடையாளம் தெரியாத மாதிரி எழுதுறேன்.

முதல்ல, இந்த மைல்ஸ் யார் காசு?

விமான கம்பெனி மைல்ஸ் திட்டம் புதுசு இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் ஆரம்பித்தது. அடிக்கடி பறப்பவர் வேறு கம்பெனிக்குப் போயிடக் கூடாதுன்னு கொடுத்த சலுகை அது. இன்றைக்கு நிலைமையே வேறு. மைல்ஸை விமான கம்பெனிகள் மொத்தமா வங்கிகளுக்கு விற்கிறார்கள், வங்கி அதை உங்களுக்கு ரிவார்டா கொடுக்குது. இது எவ்வளவு பெரிய வியாபாரம்னா, 2020 கொரோனா காலத்தில் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் தன்னுடைய மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்துக் கடன் திரட்டியது. நாம நகையை வைக்கிற மாதிரி, அவங்க மைல்ஸ் திட்டத்தை வெச்சாங்க.

வங்கிக்கு அந்தக் காசு எங்கிருந்து வருது? கடைக்காரரிடம் பிடிக்கிற கமிஷன் ஒரு பங்கு. வருடக் கட்டணம் ஒரு பங்கு. பெரிய பங்கு, உங்க ஆபீஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "இந்த மாசம் மினிமம் ட்யூ மட்டும் கட்டிடறேன்" என்று சொல்றாரே, அவர். பல கார்டுகளில் மாதத்துக்கு 3.75% வரை வட்டி, வருடத்துக்கு 45%. 30,000 ரூபாய் பில்லை ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட்டால் வட்டி 1,125, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ஆக சுமார் 1,330 ரூபாய். 100 ரூபாய்க்கு 2 மைல்ஸ் தரும் கார்டில் அந்த 30,000-க்குக் கிடைத்த மைல்ஸ் 600. ஒரு மைலுக்கு ஒரு ரூபாய் மதிப்பு போட்டாலும் நஷ்டம் ரெண்டு மடங்குக்கு மேல. போதாக்குறைக்கு, பாக்கி இருக்கும்வரை புதுசா தேய்ப்பதற்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். பில்லை முழுசா கட்ட முடியாதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கலாம். உங்களுக்கு மைல்ஸ் வேண்டாம்.

நம்ம தம்பி அப்படி இல்லை. ஒரு பில்கூட பாக்கி வைக்காதவர். அவருடைய பிரச்சினை வேற இடத்தில்.

14.2 லட்சம் பில், 9 லட்சம் சம்பளம்

அவருடைய வருட சம்பளம் 9 லட்சம். 2024-25 நிதியாண்டில் அவர் ஒரே வங்கியின் கார்டுக்குக் கட்டிய பில் மொத்தம் 14,20,000. பிரித்துப் பார்த்தோம். சொந்தச் செலவு 3.8 லட்சம். சித்தப்பா மகள் கல்யாண நகை 5.5 லட்சம். பெரியப்பாவுக்கு வேலூரில் ஆபரேஷன், ஆஸ்பத்திரி பில் 3.2 லட்சம். நண்பர்களுக்கு லேப்டாப், போன், அது இது என்று 1.7 லட்சம்.

ஒரு நிதியாண்டில் ஒருவர் கார்டு பில்லாக 10 லட்சம் அல்லது அதற்கு மேல் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கணும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சத்துக்கே தெரிவிக்கணும். இந்தத் தகவல் உங்க ஏஐஎஸ் அறிக்கையில் உட்கார்ந்திருக்கும். இன்கம் டாக்ஸ் போர்ட்டலில் லாகின் பண்ணி எல்லோரும் பார்க்கலாம், ஆனா முக்கால்வாசி பேர் ரிட்டர்ன் போடும்போதுகூடத் திறப்பதில்லை. 9 லட்சம் சம்பாதிக்கிறவர் 14 லட்சம் கார்டு பில் கட்டினால் "மீதி பணம் எங்கிருந்து?" என்று கேட்பது இயல்புதானே. வந்த மெசேஜ் அதுதான். அது நோட்டீஸ்கூட இல்லை, விளக்கம் கேட்கிற மெசேஜ்.

பெரியப்பா பணத்தை வங்கிக் கணக்கு வழியாக அனுப்பியிருந்தார். பில்லும் அவர் பெயரில். அதில் தலைவலி இல்லை. நண்பர்கள் யூபிஐ-யில் அனுப்பினார்கள். அதுவும் சரி.

சித்தப்பா? 5.5 லட்சத்தையும் மஞ்சள் பையில் போட்டு ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். கல்யாண வீட்டுல அதுதானே வழக்கம்.

இங்கேதான் நான் பேனாவைக் கீழே வெச்சேன். ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கு. "இல்லைண்ணா, நான் சித்தப்பாவுக்குக் கடன்தானே குடுத்தேன், அதைத்தானே திருப்பிக் குடுத்தார்" என்றார். அப்படிச் சொன்னால் இன்னும் சிக்கல். கடனைத் திருப்பிக் கொடுப்பதில் ரொக்க வரம்பு வெறும் 20,000. அதை மீறினால் அபராதம் திருப்பிக் கொடுத்தவருக்கு. அதாவது கடன் இல்லைன்னா தம்பி மாட்டுவார், கடன்னா சித்தப்பா மாட்டுவார். நியாயமான காரணம் காட்டி அபராதத்திலிருந்து விலக்கு கேட்க வழி இருக்கு. ஆனா அப்படிக் கேட்கும் நிலைமைக்கு ஒருத்தர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏன் போகணும்?

நகைக்கடை பில்லை எடுக்கச் சொன்னேன். நல்லவேளை, அது சித்தப்பா பெயரில் இருந்தது. சித்தப்பா வங்கியில் பணம் எடுத்த நாட்கள், கல்யாணப் பத்திரிகை, பெரியப்பாவின் டிரான்ஸ்ஃபர் விவரம், எல்லாவற்றையும் சேர்த்து போர்ட்டலில் உண்மையை உள்ளபடியே பதில் போட்டோம். நான் இதை எழுதும்வரை மேல் கேள்வி எதுவும் வரலை. வராதுன்னு அவருக்கு நான் உறுதி சொல்லவும் இல்லை.

இதில் என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைத்தது வேற ஒண்ணு. அவருடைய கார்டு விதிமுறையைத் திறந்து படிச்சோம். நகை வாங்கினால் பாயிண்ட்ஸ் கிடையாது. 5.5 லட்சத்துக்கு ஒரு மைல்கூட வரலை. தங்கம், வாடகை, வாலெட்டில் பணம் ஏற்றுவது, பெட்ரோல், இன்சூரன்ஸ், அரசுக் கட்டணங்கள் என்று விலக்குப் பட்டியல் கார்டுக்குக் கார்டு மாறும், வருஷத்துக்கு வருஷம் நீளும். வாடகைக்கு பாயிண்ட்ஸ் இல்லாததோடு பல வங்கிகள் 1% கட்டணமும் பிடிக்கும். அந்த வருஷத்தில் 8.7 லட்சத்துக்கு மட்டும்தான் மைல்ஸ் வந்தது: 17,400. முந்தைய ரெண்டு வருஷம் சேர்த்தது, கார்டு வாங்கும்போது வந்த போனஸ், செலவு இலக்கு போனஸ் எல்லாம் சேர்த்து அவர் கையில் இருந்தது சுமார் 60,000.

சரி, அந்த சீட்டின் விலை என்ன?

உருண்டையான உதாரண எண்களை வெச்சு கணக்கு போடுவோம். உங்க ரூட்டுக்கு எத்தனை மைல்ஸ் என்பதை அந்தந்த விமான கம்பெனி தளத்தில் அன்றைக்குப் பாருங்க, ஏன்னா அது மாறிக்கிட்டே இருக்கும்.

ஒரு வழி பிசினஸ் கிளாஸ்: 1,00,000 மைல்ஸ், கூட வரி 12,000 ரூபாய். அதே சீட்டை பணம் கொடுத்து வாங்கினால் 2,40,000. அதே விமானத்தில் எகானமி 45,000.

வீடியோக்களில் போடும் கணக்கு: 2,40,000-இல் 12,000 கழித்து, 1,00,000-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 2 ரூபாய் 28 பைசா. "ஆஹா, செம மதிப்பு!"

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு. பாயிண்ட்ஸ் இல்லாட்டி நீங்க 2,40,000 கொடுத்து அந்த சீட்டை வாங்கியிருப்பீங்களா? 65,000 கையில் வாங்குறவர் வாங்க மாட்டார். 45,000-க்கு எகானமிதான் போயிருப்பார். அப்போ மிச்சமான பணம் 33,000 மட்டும். ஒரு மைலுக்கு 33 பைசா.

இன்னொரு பக்கம் பாருங்க. 100 ரூபாய்க்கு 2 மைல்ஸ் என்றால் 1,00,000 மைல்ஸுக்கு 50 லட்சம் தேய்க்கணும். அதே 50 லட்சத்தை 1.5% கேஷ்பேக் கார்டில் தேய்த்திருந்தால் 75,000 ரூபாய் உங்க கணக்கில் வந்திருக்கும். அதை விட்டுக்கொடுத்துத்தான் மைல்ஸ் வாங்குறீங்க. ஆக "ஃப்ரீ" சீட்டின் விலை 75,000-மும் வரி 12,000-மும் சேர்ந்து 87,000. எகானமியைவிட 42,000 அதிகம். அந்த 42,000-தான் கால் நீட்டிப் படுப்பதற்கு நீங்க கொடுக்கும் விலை.

அது தப்பா? தப்பே இல்லை. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு 42,000 கொடுக்கலாமான்னு என்னைக் கேட்டால், கையில் இருந்தா தாராளமா கொடுங்கன்னுதான் சொல்வேன். 27 வயசுல இன்ஸ்டாகிராம் ஃபோட்டோவுக்காகன்னா அது உங்க இஷ்டம். எப்படியோ, 42,000 செலவு பண்றோம்னு தெரிஞ்சு பண்ணணும்.

மாதம் 30,000 செலவு செய்கிறவருக்கு அந்த 50 லட்சத்தைத் தொட கிட்டத்தட்ட 14 வருஷம் ஆகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் 3 வருஷத்தில் காலாவதி ஆகிவிடும். வீடியோவில் வருகிறவர்கள் சீக்கிரம் சேர்ப்பது எப்படி? தொழில் செய்கிறவர்கள், கம்பெனிச் செலவை கார்டில் போடுகிறவர்கள், வருஷத்துக்கு 30 லட்சம் 40 லட்சம் தேய்க்கிறவர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கே வேற. இல்லைன்னா, ஒரு கார்டில் எப்பவோ திறந்த ஜன்னல் வழியாக உள்ளே போனவர்கள்.

அந்த ஜன்னலுக்கு நம்ம ஊர் உதாரணம் ஆக்சிஸ் மேக்னஸ். ஒரு மாதத்தில் 1 லட்சம் செலவு செய்தால் 25,000 போனஸ் பாயிண்ட்ஸ் கொடுத்தார்கள். 200 ரூபாய்க்கு 12 வீதம் வழக்கமான 6,000 தனி. ஆக 31,000 பாயிண்ட்ஸ், 5-க்கு 4 கணக்கில் மாற்றினால் 24,800 மைல்ஸ். ஒரு லட்சத்துக்கு! அந்தக் காலத்தில் நாலு மாதச் செலவில் பிசினஸ் கிளாஸ் போனவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் மாதாந்திர போனஸ் நின்றது, சாதாரண வாடிக்கையாளர்களுக்கு மாற்று விகிதம் 5-க்கு 2 ஆனது. அதே 1 லட்சத்துக்கு இப்போ 6,000 பாயிண்ட்ஸ், 2,400 மைல்ஸ். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வருடக் கட்டணம் 10,000-லிருந்து 12,500 ஆக ஏறியது. வங்கி விதியை மீறவில்லை, மாற்றும் உரிமை அவர்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கு. ஆனா அந்தப் பழைய எண்ணை வைத்து எடுத்த வீடியோக்கள் இன்னும் யூடியூபில் ஓடிக்கிட்டிருக்கு. எந்த வீடியோ பார்த்தாலும் முதல்ல தேதியைப் பாருங்க. என்னோடதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

விமான கம்பெனியே போய்விட்டால்? கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு நின்றது. ஜெட்டின் மைல்ஸ் திட்டம் தனிக் கம்பெனி என்பதால் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிப் பிழைத்தது. ஆனா ஜெட் பிசினஸ் கிளாஸுக்காகச் சேர்த்தவருக்கு ஏறுவதற்கு விமானம்தான் இல்லை. விஸ்தாரா கதை பரவாயில்லை. 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயிண்ட்ஸும் கூடவே போனது. மைல்ஸை எஃப்.டி மாதிரி வருஷக்கணக்கில் சேர்த்து வைக்காதீங்க என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். எஃப்.டி-க்கு 5 லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு, மைல்ஸுக்கு ஒண்ணும் கிடையாது.

அம்மா எப்படிப் போனார்?

தம்பியின் 60,000-த்தை உடனே மாற்ற வேண்டாம் என்றேன். வங்கி பாயிண்ட்ஸை ஒருமுறை விமான மைல்ஸாக மாற்றிவிட்டால் திரும்ப வராது, மாற்றிய நாளிலிருந்து காலாவதிக் கடிகாரமும் ஓட ஆரம்பிக்கும். முதலில் சீட் இருக்கான்னு பார்க்கணும், அப்புறம்தான் மாற்றணும். கிரிஸ்ஃப்ளையரில் 355 நாள் முன்னாடியே சீட் திறக்கும். சேவர் என்ற குறைந்த மைல்ஸ் சீட்டுகள் கொஞ்சம்தான், இல்லைன்னா காத்திருப்புப் பட்டியல். பிரசவத் தேதி 355 நாள் முன்னாடி யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் நம்ம மாதிரி குடும்பங்களுக்கு இருக்கும் சிக்கல்.

இன்னொரு தடங்கல், நம்ம ஊருக்கே உரியது: இன்ஷியல். தம்பியின் கார்டில் இன்ஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசா விரிந்து சர்நேம் இடத்தில். மைல்ஸ் கணக்கை அவர் கார்டில் இருக்கிற மாதிரி திறந்து வைத்திருந்தார். கார்டு பெயரும் மைல்ஸ் கணக்கின் பெயரும் ஒத்துப்போகலைன்னா பாயிண்ட்ஸ் மாற்றம் நின்றுபோகலாம், மைல்ஸ் கணக்கும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகலைன்னா டிக்கெட்டில் சிக்கல். வங்கியில் கார்டு பெயரை பாஸ்போர்ட்படி மாற்ற விண்ணப்பிக்கச் சொன்னேன். இதை இன்றைக்கே செஞ்சு வெச்சிடுங்க, அவசரத்தில் செய்யும் வேலை இல்லை இது.

அதுக்குள்ள ஒரு நல்ல யோசனை அக்காவிடமிருந்து வந்தது. அவர் மெல்போர்னில் வேலை பார்க்கும் நாலு வருஷத்தில், அங்குள்ள வங்கிக் கார்டிலும் கம்பெனி அனுப்பிய பயணங்களிலும் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் சேர்த்து வைத்திருந்தார். ரெண்டு பேர் மைல்ஸை ஒன்றாகக் கலக்க முடியாது, ஆனா உங்க மைல்ஸில் குடும்பத்தாருக்கு டிக்கெட் எடுக்கலாம். நாமினியாக ஐந்து பேர் வரை சேர்க்கலாம். அக்கா அம்மாவைச் சேர்த்தார், காத்திருப்புப் பட்டியலில் பெயர் போட்டார். மூணு வாரத்தில் நவம்பர் கடைசிக்கு ஒரு சேவர் சீட் கிடைத்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களுக்கு மைல்ஸ் டிக்கெட்டில் எரிபொருள் சர்சார்ஜ் வாங்குவதை 2017-லேயே நிறுத்திவிட்டதால் வரி மட்டும்தான் கட்டணும். லண்டன் போகிறவர்கள் கவனியுங்க: பிரிட்டிஷ் ஏர்வேஸில் அப்படி இல்லை, மைல்ஸ் கொடுத்த பிறகும் பிசினஸ் கிளாஸுக்குக் கணிசமான தொகை ரொக்கமாகக் கேட்கும். "எத்தனை மைல்ஸ்" என்பதோடு "கூட எவ்வளவு பணம்" என்பதையும் கடைசிப் பக்கம்வரை போய்ப் பாருங்க.

அக்கா சொன்னதில் கம்பெனிப் பயணம் என்ற பகுதியை ஐ.டி நண்பர்கள் விட்டுவிட வேண்டாம். ஆன்சைட் போகிறவர்களில் பாதிப் பேர் டிக்கெட்டில் தன் மெம்பர் நம்பரைப் போடுவதே இல்லை. டிக்கெட் காசு கம்பெனியோடது, மைல்ஸ் பெரும்பாலும் உங்களோடது (உங்க கம்பெனி பாலிசியை ஒருமுறை பார்த்துக்கோங்க). போர்டிங் பாஸ் இருந்தால் பயணம் முடிந்து சில மாதங்கள் வரைக்கும் கேட்டு வாங்கலாம். ரொம்ப மலிவான கட்டண வகைன்னா குறைவாகத்தான் வரும், வந்தவரை லாபம். சித்தப்பா நகையைத் தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அம்மா நவம்பரில் கிளம்பினார். கணியம்பாடியிலிருந்து மீனம்பாக்கம் காரில் மூணு மணி நேரம், அதில்தான் முழங்கால் அதிகமா வலித்ததாம். திரும்பி வருவது எகானமி, பணம் கொடுத்து எடுத்தது, தம்பியின் செலவு. அவருடைய 60,000 இன்னும் வங்கியிலேயே பாயிண்ட்ஸாகத்தான் இருக்கு. கார்டு பெயர் மாறிவிட்டது. சொந்தக்காரர்களுக்குத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார், பெரியப்பாவின் மறு பரிசோதனை பில் ஒன்றைத் தவிர. அதற்கு வந்த பணம் யூபிஐ-யில் வந்ததா என்று கேட்டேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்.

அம்மா எப்படி இருந்தது என்று சொன்னார்களா என்றும் கேட்டேன். சீட்டைப் படுக்கையாக்கிக் கொடுத்தார்களாம், போர்த்திக்கொள்ளவும் கொடுத்தார்களாம். ஆனா எந்த பட்டனைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து சிங்கப்பூர் வரை நிமிர்ந்து உட்கார்ந்தே போனாராம். மெல்போர்ன் விமானத்தில்தான் தூங்கியிருக்கிறார்.